வழிநடைச் சோறு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொண்டு பற்றி ஏதேனும் பேசுக என்று அமைப்பாளர்கள் என்னைப் பணித்தார்கள். தொண்டு என்றவுடன் தொண்டு செய்யப் புறப்பட்டவர்களைப் புகழ்ந்து பேசுவது மேடை மரபு. நான் இன்று பேச விரும்புவது, அவ்வாறு புறப்பட்டவர்கள் பாதிவழியில் இடர்ப்பட்டபோது அவர்களுக்குச் சோறிட்ட ஊர்மக்களைப் பற்றியாகும். அம்மக்களைத் தமிழிலக்கியம் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது, நாம் எவ்வாறு நினைவில் வைக்கப் போகிறோம் என்பதே என் வினா.

திண்டுக்கல்லில் வாழ்பவர்களுக்கு வழிநடையாளர்க்குச் சோறிடுதல் புதிய செய்தியன்று. தை பிறந்தால் நம் சாலைகளெல்லாம் பழனிச் சாலைகள் ஆகிவிடுகின்றன. செட்டிநாட்டிலிருந்து காவடி சுமந்து நத்தம் வழியாக வரும் நகரத்தார் முதல், பச்சையும் காவியும் உடுத்துக் கூட்டங்கூட்டமாக வரும் உழவர், தொழிலாளர் வரை அனைவரும் மலைக்கோட்டையைக் கண்டு, இளைப்பாறி, மீண்டும் நடக்கிறார்கள். வழியெங்கும் மோர்ப்பந்தல்களும் சுக்குக் காப்பி அண்டாக்களும் பொட்டலச் சோறும் காத்திருக்கின்றன. கொடுப்பவர் வாங்குபவரிடம் ஊர் எது என்று கேட்பதுண்டு, பெயரைக் கேட்பதில்லை.

என் தாயார் தை மாதம் முழுவதும் திண்ணையில் ஒரு தவலை நிறையத் தண்ணீர் வைத்திருப்பார். சிறுமியாக இருந்த நான் ஒருமுறை, தண்ணீர் குடித்தவர்கள் திரும்பிக்கூடப் பாராமல் போகிறார்களே என்று குறைப்பட்டுக் கொண்டேன். அவர் தவலையை நிரப்பிக்கொண்டே, "நடக்கிறவுக முன்னாலதான் பாக்கணும்" என்றார். அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு இவ்வுரையின் இறுதியில் மீண்டும் வருவேன்.

இவ்வாறு சாலையில் நடப்பவர்க்குத் தண்ணீர் கொடுப்பதும் சோறிடுவதும் குற்றம் என்று ஓர் ஆணை பிறந்தால் நாம் என்ன செய்வோம்? தமிழ்நாட்டில் ஒருமுறை அப்படியோர் ஆணை பிறந்தது. அதைச் சொல்வதற்குமுன் நம் மண்ணில் பிறந்த ஒருவரை நினைவுகூர வேண்டும்.

வத்தலக்குண்டில் 1884ஆம் ஆண்டு பிறந்த சுப்பிரமணிய சிவா, வ.உ.சி.யோடு சிறை சென்றவர் என்பதை நாம் அறிவோம். சிறையிலிருந்து அவர் தொழுநோயோடு வெளிவந்தார். அந்நோயைக் காரணமாகக் காட்டி ரயிலில் பயணம் செய்யவும் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அவரோ ஓய்ந்துவிடவில்லை, மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றினார். 1925ஆம் ஆண்டு தருமபுரிப் பகுதியின் பாப்பாரப்பட்டியில் அவர் உயிர் நீத்தார். தொழுநோயாளியைக் கண்டால் ஊரே விலகி நின்ற காலம் அது. அக்காலத்தில் அவரைத் திண்ணையில் அமர்த்தி, இலை போட்டுச் சோறிட்டவர்கள் இருந்திருக்க வேண்டும். இல்லையேல் அவர் அத்தனை ஊர்களுக்கு நடந்திருக்க இயலாது. சிவாவின் பேச்சும் எழுத்தும் சிறையும் வரலாற்றில் உள்ளன. அந்தத் திண்ணைகள் வரலாற்றில் இல்லை.

சிவா மறைந்து ஐந்தாண்டுகள் கழித்து, தமிழ்நாட்டின் மிகப் பெரிய வழிநடை ஒன்று நிகழ்ந்தது. காந்தியடிகள் 1930 மார்ச் 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 6ஆம் நாள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். அதே திங்கள் 13ஆம் நாள், சித்திரைப் பிறப்பன்று, ராஜாஜியின் தலைமையில் நூறளவான தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியில் மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜன் இல்லத்திலிருந்து வேதாரணியத்தை நோக்கி நடக்கத் தொடங்கினர். ஏறத்தாழ 150 மைல் தொலைவு. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி ஆகிய ஊர்களைக் கடந்து கடற்கரையை அடைவது திட்டம்.

இவர்கள் சமையற்காரர்களையும் மளிகை மூட்டைகளையும் உடன்கொண்டு செல்லவில்லை. வழியிலுள்ள ஊரார் இடும் உணவை உண்டு, அவர்கள் காட்டும் இடத்தில் உறங்கிச் செல்வதென்பதே ஏற்பாடு. நாளொன்றுக்கு இருவேளை என்று கொண்டால் 200 இலை. பதினைந்து நாள்களுக்கு 3,000 இலை. ஊர்மக்கள் இந்த 3,000 இலைகளை விரிக்காவிட்டால் யாத்திரை கடலைக் காணாமலே முடிந்துவிடும். அன்றைய தஞ்சை மாவட்ட ஆட்சியர் ஜே.ஏ. தார்ன் இதை நன்கறிந்திருந்தார். தொண்டர்களை வழியிலேயே அடித்து விரட்டினால் நாடு கொதித்தெழும். சோற்றை நிறுத்திவிட்டால் அவர்கள் தாமே ஓய்ந்து திரும்பிவிடுவார்கள். இது கூர்மையான கணக்குத்தான்.

எனவே அவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். யாத்திரைத் தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்கள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு உள்ளாவார்கள் என்பது அதன் சாரம். துண்டறிக்கையாலும் நாளிதழாலும் தண்டோராவாலும் அது மாவட்டமெங்கும் பரப்பப்பட்டது. தார்ன் என்னும் பெயர் ஆங்கிலத்தில் முள்ளைக் குறிக்கும் சொல்லோடு ஒலி ஒத்திருத்தலின், முள்ளும் நெருஞ்சியும் இவ்வெள்ளத்தைத் தடுக்கமாட்டா என்னும் பொருள்பட ராஜாஜி சிலேடையாக விடையிறுத்தார். சிலேடை நமக்குச் சுவையாக இருக்கிறது. ஆனால் சித்திரை வெயிலில் நடந்து வந்தவனின் பசிக்குச் சிலேடை மருந்தாகாது. அஞ்சியவர்கள் இருந்திருப்பார்கள், அவர்களை நான் குறை கூறமாட்டேன். கூலிக்கு உழைத்துக் குடும்பம் காப்பவனுக்கு ஆறு மாதச் சிறை என்பது ஆறு மாதப் பட்டினி. அவனுக்கு மட்டுமன்று, அவன் மக்களுக்கும் ஆகும்.

இந்த இடத்தில்தான் சோழநாட்டு ஊர்கள் தம் வழியைக் கண்டுபிடித்தன. கும்பகோணத்தில் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரான பந்துலு ஐயர் தொண்டர்களை வெளிப்படையாகவே தம் இல்லத்தில் தங்கவைத்து விருந்திட்டார். அதற்காக ஆறு மாதச் சிறையை ஏற்றார். அது வசதியும் செல்வாக்கும் உடையவர் செய்யக்கூடிய வீரம். மற்றவர்கள் வேறு வகையில் செய்தனர். சாலையோர மரங்களின் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தன. தொண்டர்கள் ஆற்றங்கரையில் இளைப்பாற அமர்ந்தால், அருகில் ஏதோ ஓர் அடையாளம் தென்படும். அவ்விடத்தைத் தோண்டினால் உள்ளே பெரிய பாத்திரங்களில் உணவு புதைத்து வைக்கப்பட்டிருக்கும். சமைத்தவர் யார், சுமந்து வந்தவர் யார், குழி தோண்டியவர் யார் என்று காவலர்க்கும் தெரியாது, உண்டவர்க்கும் தெரியாது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றும். 1930இல் யார் கையால் யார் உண்பது என்பது இந்நாட்டில் எத்தனை கடுமையாக வகுக்கப்பட்டிருந்தது என்பதை நாம் அறிவோம். மரக்கிளையில் தொங்கும் பொட்டலத்திற்குச் சாதி கேட்டு உண்ண முடியுமா? மணலுக்குள்ளிருந்து எடுத்த சோற்றை ஆக்கியவள் எந்தத் தெருவினள் என்று ஆராய முடியுமா? ஆட்சியரின் ஆணை, தான் எண்ணியிராத ஒன்றைச் செய்துவிட்டது. கொடுப்பவரின் முகத்தை மறைத்ததால், அவரிடம் கேட்கப்படும் கேள்வியையும் அது மறைத்தது. இதை வரலாற்றுச் செய்தியாக நான் கூறவில்லை. என் கருத்தாகவே கூறுகிறேன்.

சோறிடுதல் ஒரு பக்கம் என்றால், பணி மறுத்தல் மறுபக்கம். வேதாரணியத்தில் வைரப்பன் என்னும் நாவிதர் ஒருவருக்கு முகம் மழித்துக் கொண்டிருந்தார். அமர்ந்திருப்பவர் காவலர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை மடக்கிக்கொண்டார் என்பார்கள். அதற்காக அவர் சிறை சென்றார். இன்று வேதாரணியத்தில் அவருக்கு நினைவுத்தூண் உண்டு. நாள்தோறும் பிறர் முன் தலைதாழ்ந்து நின்று தொழில் செய்த ஒருவர், அத்தொழிலையே படைக்கலமாக்கிக் கொண்டார்.

ஏப்ரல் 28ஆம் நாள் யாத்திரை வேதாரணியத்தை அடைந்தது. அது திருமறைக்காடு. அப்பரும் சம்பந்தரும் பாடிக் கோயிற்கதவைத் திறக்கவும் அடைக்கவும் செய்ததாகச் சேக்கிழார் கூறும் ஊர் அது. அங்கே வேதரத்தினம் பிள்ளை தொண்டர்களை வரவேற்றார். 30ஆம் நாள் அகத்தியம்பள்ளி உப்பளத்தில் ராஜாஜி உப்பெடுத்துக் கைதாகி ஆறு மாதத் தண்டனை பெற்றார். வேதரத்தினம் பிள்ளையும் சிறை சென்றார். அவருடைய சொத்துகள் பறிமுதலாயின. தொடர்ந்து நிகழ்ந்த போராட்டத்தில் ருக்மிணி லட்சுமிபதி கைதாகி, இவ்வறப்போரில் சிறை சென்ற முதற்பெண்மணி என்னும் பெருமையைப் பெற்றார். தடையாணையிட்ட தார்னோ, மக்களிடம் அரசின்பால் பற்று என்று ஒன்று என்றேனும் இருந்திருந்தால் அது இப்போது மடிந்துவிட்டது என்னும் கருத்துப்பட மேலிடத்திற்கு அறிக்கை எழுதினார். அவரை அவ்வாறு எழுதவைத்ததில் ராஜாஜியின் சொல்வன்மைக்கு எத்துணைப் பங்கு உண்டோ, அத்துணைப் பங்கு புதைத்து வைத்த அப்பாத்திரங்களுக்கும் உண்டு என்று நான் கருதுகிறேன்.

இனி நம் துறைக்கு வருவோம். இந்நிகழ்ச்சியை இலக்கியம் எவ்வாறு ஏற்றது?

இந்த யாத்திரைக்கென்றே நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை நடைப்பாட்டு ஒன்று எழுதினார். தொண்டர்கள் அதைப் பாடிக்கொண்டே நடந்தனர். இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அதை அறிவார்கள். அதன் முதலடியை நான் சொல்லவேண்டிய தேவையில்லை. நம் வத்தலக்குண்டின் பி.எஸ். ராமையா உப்பு அறப்போரில் சிறை சென்றவர்; அதன் பின்னரே சிறுகதைத் துறைக்கு வந்து மணிக்கொடியை நடத்தினார். அதே வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா, விடுதலைப் போராட்டக் காலத்தைச் 'சுதந்திர தாகம்' என்னும் பெருநாவலாக எழுதி 1997இல் வெளியிட்டார். அவர் மறைந்தபின் 2001இல் அதற்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. ஆக, நடந்தவர்களுக்குப் பாட்டு உண்டு. சிறை சென்றவர்களுக்குக் கதை உண்டு. கிளையில் பொட்டலம் கட்டியவளுக்கு அதுபோல் ஊரறிந்த ஒரு பாட்டு இல்லை.

ஆனால் இதற்கான வடிவம் நம்மிடம் ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. ஆற்றுப்படை என்பது என்ன? பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் ஒருவனுக்கு வழிகாட்டுவது. எந்த ஊர் வழியாகச் செல்ல வேண்டும், அங்கே யார் இருப்பார்கள், என்ன உணவு கிடைக்கும் என்று சொல்வது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். ஆனால் பாணன் அவனைச் சென்றடையுமுன் வழியில் மூன்று ஊர்களில் உண்கிறான். எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டுப் பெண் காய்ச்சிய தேறலும் சுட்ட குழல்மீனும். வேலூரில் எயினப் பெண்கள் புளியிட்டு ஆக்கிய சூடான சோறும் காட்டுப்பசுவின் இறைச்சியும். ஆமூரில் உழவர் குடிப்பெண் இட்ட வெண்சோறும் நண்டுக் கலவையும். அரசனின் பெயர் நமக்குத் தெரியும். இம்மூவகை மகளிரில் ஒருவர் பெயரும் தெரியாது.

இதைக் குறையாகவே நான் நெடுங்காலம் வகுப்பில் கற்பித்து வந்தேன். மன்னனைப் பாடிய புலவர் மக்களின் பெயரை விட்டுவிட்டார் என்பேன். அதற்கு மாறாகச் சேக்கிழாரைக் காட்டுவேன். அவர் திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்த திங்களூர் அப்பூதியடிகளின் பெயரைச் சொன்னார். மழை பெய்யும் இரவில், விதைத்த நெல்லை வாரி வந்து அடியார்க்கு அமுதாக்கிய இளையான்குடி மாறனாரின் பெயரைச் சொன்னார். சோறிட்டவரையே பாட்டுடைத் தலைவராக்கிய பெருமை பெரியபுராணத்திற்கு உண்டு.

வேதாரணியம் இந்தக் கருத்தை எனக்கு மாற்றியது. அங்கே சோறிட்டவர்கள் தம் பெயரைத் தாமே மறைத்துக் கொண்டவர்கள். பெயர் வெளிப்பட்டால் சிறை. அவர்கள் சிறை சென்றால் மறுநாள் வரும் தொண்டனுக்குச் சோறில்லை. பெயரின்மையே அவர்களின் உத்தியாக இருந்தது. அவர்களுக்கு இன்று நாமாக ஒரு பெயரைக் கற்பித்துச் சூட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. அப்படியானால் கவிஞன் என்ன செய்யக்கூடும்?

நத்தத்தனாரிடம் மீண்டும் சென்றபோது விடை கிடைத்தது. பெயர் சொல்லாமலேயே அவர் அப்பெண்களை நமக்குக் காட்டிவிட்டார். இலையில் மீன் இருக்கிறது, அவள் கடற்கரைக்காரி. சோற்றில் புளி இருக்கிறது. அவள் காட்டுக் குடியினள். கலவையில் நண்டு இருக்கிறது. அவள் வயற்காட்டுப் பெண். இட்டதைச் சொன்னால் இட்டவர் தெரிகிறார். 'தியாகம்', 'தாயுள்ளம்', 'ஈரநெஞ்சம்' என்று நாம் மேடையில் அடுக்கும் சொற்களுள் ஒன்றுகூட அங்கே இல்லை. அச்சொற்களை நீக்கிவிட்டு எழுதினால் நம் கவிதையில் என்ன எஞ்சும் என்று நாம் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் கவிதைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, உப்பளங்கள் சேற்றுநீரில் மூழ்கின. அதே புயல் வலுக்குறைந்து நம் மாவட்டத்தையும் கடந்து, கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்துச் சென்றதை நாம் மறக்கவில்லை. பல மாவட்டங்களிலிருந்தும் அரிசியும் போர்வையும் ஏற்றிச் சென்ற தொண்டர்கள் விழுந்த மரங்களால் வழியிலேயே நிற்க நேர்ந்தது. அப்போது தம் வீட்டுக் கூரையை இழந்திருந்த ஊர் இளைஞர்களே அரிவாளும் இரம்பமும் கொண்டுவந்து மரங்களை அறுத்துச் சாலையைத் திறந்துவிட்டார்கள். உதவப் போனவர்க்கு, உதவி பெற வேண்டியவரே வழிசெய்து கொடுத்தார்கள். 88 ஆண்டுகளுக்குமுன் அதே சோழநாட்டுச் சாலைகளில் நிகழ்ந்ததும் இதுதான். தொண்டு செய்பவர் ஒரு புறம், பெறுபவர் மறுபுறம் என்று நாம் கோடு கிழிக்கிறோம். இடர் வந்தவுடன் அக்கோடு அழிந்துவிடுகிறது.

இவ்வட்டத்தின் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் சாலைகளில் தைதோறும் நிகழ்வதைச் சென்று பாருங்கள். நத்தம் சாலையிலும் ஒட்டன்சத்திரம் சாலையிலும் யார் எந்நேரத்தில் எழுந்து அடுப்பு மூட்டுகிறார்கள், எந்தப் பாத்திரம் இரவல் வாங்கியது, விறகு யார் வீட்டிலிருந்து வந்தது, நடப்பவரின் கால் கொப்புளத்திற்கு எந்த எண்ணெயைத் தடவுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். பாத்திரத்தில் இருப்பதை மட்டும் சரியாக எழுதுங்கள். அவ்வாறு பத்துப் பேர் பத்துச் சாலைகளைப் பற்றி எழுதினால், இவ்வட்டத்தின் அடுத்த தொகுப்பு திண்டுக்கல் சமவெளியின் ஆற்றுப்படையாக அமையும்.

இறுதியாக ஒன்று. இவ்வட்டம் பத்தாண்டு நடந்திருக்கிறது. நடந்தவர்களாகிய நம் பெயர்கள் இம்மலரில் அச்சாகும். என் பெயரும் அச்சாகும். கூட்டம் நடக்கும் நாள்களில் அறையைப் பெருக்கி வைத்தவர், பாயை விரித்தவர், மழையன்று மூவர் மட்டுமே வந்தபோதும் பதினைந்து பேருக்குத் தேநீர் வாங்கி வந்து கலங்காமல் நின்றவர், கவிதை படிப்பவரின் குழந்தையை வெளியே கொண்டுபோய் வேடிக்கை காட்டியவர் ஆகியோர் இவ்வரங்கின் பின்வரிசையில் இருக்கக்கூடும். அல்லது இந்நேரத்தில் மதிய உணவுக்கான இலைகளை அடுத்த அறையில் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும்.

நடக்கிறவர்கள் முன்னால்தான் பார்க்க வேண்டும் என்று என் தாயார் சொன்னார். அது நடப்பவர்க்குரிய விதி. அவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தால் மலையை அடைய முடியாது. எனவே திரும்பிப் பார்க்கும் கடமை வேறு யாருக்கோ இருந்தாக வேண்டும். அது எழுதுகிறவர்க்கு உரியது என்று நான் நம்புகிறேன்.